ஒரு சொல் குறைந்தது, நுரை அடங்கியது

தில்லியில் பீர் என்றால் பல காலம் ஒரே அர்த்தம்தான்: பெரிய பாட்டில், பல் கூசும் குளிர்ச்சி, சட்டென்று ஏறும் போதை. ருசியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. 2015இல் கேட்க வைத்தது ஒரு குரங்கு.

அந்த ஆண்டு தலைநகரின் பார்களில் வந்து இறங்கிய 'பீரா 91' பாட்டில்களின் சின்னம் அது. கூடவே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்ட ஆங்கில 'பி' எழுத்து. 91 என்பது இந்தியாவின் தொலைபேசிக் குறியீட்டு எண். இதைத் தொடங்கிய அங்குர் ஜெயின் அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பியவர். முதலில் வெளிநாட்டு கிராஃப்ட் பீர்களை இறக்குமதி செய்து விற்றவர். சொந்த பீரின் முதல் சரக்கைக்கூட பெல்ஜியத்தில் தயாரித்துத்தான் கொண்டுவந்தார். உற்பத்தி பிறகுதான் இந்தூருக்கு வந்தது.

கிராஃப்ட் பீர் என்பது தானியத்தின் ருசியும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெரியும்படி சிறிய அளவில் தயாரிக்கப்படுவது. பீராவின் 'ஒயிட்' பெல்ஜிய பாணி கோதுமை பீர். அந்தப் பாணியில் வழக்கமாக ஆரஞ்சுத் தோல் சேரும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தனியாவும் சேரும்.

துணிச்சலான முயற்சிதான். இந்தியாவில் விற்பனையாகும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 8 சதவிகிதம் வரை ஆல்கஹால் உள்ள 'ஸ்ட்ராங்' ரகம். இதற்குக் காரணம் நாக்கு மட்டுமல்ல. பல மாநிலங்களில் வரி, ஆல்கஹாலின் அளவைப் பொறுத்து அமைவதில்லை. அதனால் லேசான பீரின் விலை பெரிதாகக் குறைவதில்லை. கொடுத்த காசுக்குப் போதை என்று வாடிக்கையாளர் கணக்குப் போட்டார்.

ருசி தேடியவர்கள் வேறு ஊர்களில் ஏற்கனவே கூடத் தொடங்கியிருந்தார்கள். புனேயில் 2009இல் 'டூலலி', பெங்களூரில் 2010இல் 'டாய்ட்' என்று, பீரை அங்கேயே தயாரித்துக் கோப்பையில் ஊற்றித் தரும் மைக்ரோ புரூவரிகள் முளைத்தன. தலைநகரப் பகுதியில் முந்திக்கொண்டது குர்காவ்ன். ஹரியானா முன்னதாகவே உரிமம் கொடுத்ததால், புதிதாகத் தயாரித்த பீருக்காக தில்லி இளைஞர்கள் மெட்ரோ ரயில் ஏறி மாநில எல்லையைத் தாண்டினார்கள். தில்லி அரசு 2021 நவம்பரில் கொண்டுவந்த தாராளமான மதுக் கொள்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 2022 செப்டம்பரில் பழைய முறையே திரும்பியது.

இந்தச் சூழலில் பீரா வளர்ந்த வேகம் அசாதாரணமானது. 2016இல் சிகோயா கேப்பிடல் முதலீடு செய்தது. 2018இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம். 2021இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் 3 கோடி டாலர் போட்டது. 2022இல் 'பீர் கஃபே' என்ற பார் வரிசையையே பீரா வாங்கியது. லட்சக்கணக்கான பெட்டிகள் விற்கும் சரக்கை கிராஃப்ட் என்று அழைக்கலாமா என்று ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கும் முதல் கோதுமை பீர் பீராவாகத்தான் இருந்திருக்கும்.

சரிவு வந்தது ஒரு சொல்லால். பீராவைத் தயாரிக்கும் பி9 பெவரேஜஸ், பங்குதாரர்களின் எண்ணிக்கை பெருகியதால், 'பிரைவேட் லிமிடெட்' என்ற நிலையிலிருந்து 'லிமிடெட்' நிறுவனமாக மாறியது. பெயரில் 'பிரைவேட்' போனது. கம்பெனிச் சட்டத்தின்படி சாதாரண நடைமுறை. கலால் துறைகளின் கண்ணில் அது புதிய கம்பெனி.

மது, அரசியல் சட்டப்படி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். ஜி.எஸ்.டி.யும் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு ரகத்தின் லேபிளும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். பெயர் மாறினால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. பழைய லேபிள் ஒட்டிய பாட்டிலை விற்க முடியாது. பீரோ காத்திருந்தால் கெட்டுவிடும் பண்டம். விஸ்கியைப் போல வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சந்தையில் தேவை இருந்தும், பல மாதங்கள் விற்பனை ஏறக்குறைய நின்றுபோனதாக ஜெயினே பின்னர் சொன்னார். சுமார் ரூ. 80 கோடி மதிப்புள்ள சரக்கு வீண் கணக்கில் எழுதப்பட்டது. 2022-23இல் சுமார் 90 லட்சம் பெட்டிகள் விற்ற நிறுவனம் அடுத்த ஆண்டு 60-70 லட்சத்துக்கு இறங்கியது. 2023-24இல் வருமானம் ரூ. 638 கோடி, நஷ்டம் ரூ. 748 கோடி.

பழி முழுவதையும் கலால் அதிகாரிகள் மீது போடுவது நியாயமாகாது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே நஷ்டம் ரூ. 445 கோடியைத் தொட்டிருந்தது. முதலீட்டாளர்களின் பணத்தில் ஓடிய வண்டி அது. சில மாதங்கள் நின்றால் மறுபடி கிளம்பும் அளவுக்குக் கையில் மிச்சமில்லை. அதன் விலையை அதிகம் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்றும், நிறுவனரை நீக்கக் கோரி 250க்கும் அதிகமான ஊழியர்கள் மனு கொடுத்தார்கள் என்றும் 2025இல் செய்திகள் வந்தன.

ஆனால் பீரா பழக்கிவிட்ட நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சிம்பா, ஒயிட் ரைனோ, மெடுசா என்று புதிய பெயர்கள் வந்தன. சந்தையின் ராஜாவான கிங்ஃபிஷரே 'அல்ட்ரா விட்பியர்' என்று ஒரு கோதுமை பீரைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகளுக்கு மாநிலத்துக்கு ஒரு அலுவலகமும் கோப்புகளைத் துரத்த ஆட்களும் உண்டு. சிறியவர்களுக்கு அது கிடையாது. ஓர் ஊரில் நல்ல பீர் தயாரிப்பவர் பக்கத்து மாநிலத்தில் விற்க நினைத்தால் புதிதாக ஒரு தொழில் தொடங்குவதற்குச் சமம்.

பீர் தயாரிக்கத் தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்ற நான்கும் போதும் என்பார்கள். இந்தியாவில் ஐந்தாவதாக ஒன்று வேண்டும்: ரப்பர் ஸ்டாம்ப். ருசியில் ஜெயித்த பீரா தடுக்கி விழுந்தது அதில்தான்.