மாப்பிள்ளை காருக்கு நீளக் கண்ணாடி மாட்டச் சொன்னது தப்பா?

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, 5 நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேலி. "ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாத பெரியம்மா, இங்கிலாந்து போய் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கண்ணாடி மாட்டச் சொல்றாங்களாம்!" நானும் சிரித்தேன். ஆனால் நடந்தது சிரிப்பதற்கில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளையிடம் 1967-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. கார் ஒன்று இருக்கிறது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை. கூரையைப் போட்டாலும் உயரம் 4 அடி சொச்சம்தான். பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை என்னை அதில் அழைத்துப் போனார். மூன்று தடம் உள்ள சாலை. நடுத்தடத்திலிருந்து இடது தடத்துக்கு மாற, சிக்னல் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நான் ஆட்டு மந்தையை வேடிக்கை பார்க்கத் தலையைத் திருப்பியவள், "மாப்பிள்ளை, பைக்!" என்று அலறினேன். என் தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். அந்தப் பையன் ஹாரன் அடித்தபடி கடந்து போனான்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் திருப்பினேன் அத்தை. காலியாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது நிஜம். கண்ணாடி காலியாகத்தான் இருந்தது. சாலைதான் காலியாக இல்லை.

அந்த வண்டியில் முன்கண்ணாடிக்கு நடுவே நிற்கும் கம்பியில், ஒரு சாண் அகலத்தில் ரியர்வியூ மிரர் ஒன்று. ஓட்டுநர் பக்கக் கதவில் இன்னொரு குட்டிக் கண்ணாடி. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. நான்கைந்து தட்டைக் கண்ணாடிகளை ஒரே சட்டத்தில், லேசான வளைவாக வரிசையாகப் பதித்த நீளக் கண்ணாடி. ரேஸ் ஓட்டுகிறவர்கள் பலர் இதைத்தான் மாட்டுகிறார்கள். ஹெல்மெட்டும் பட்டையும் கட்டிக்கொண்டால் கழுத்தைத் திருப்ப முடியாதல்லவா?

இதன் அறிவியல் எட்டாம் வகுப்புப் பாடம். கண்ணாடியை 5 டிகிரி திருப்பினால், அதில் நாம் பார்க்கும் திசை 10 டிகிரி திரும்பும். கண்ணாடித் துண்டுகளை மேசைமேல் நிறுத்தி நாம் செய்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்து வைத்தால், இரண்டு பக்கத் தடங்களும் கண்முன் வந்துவிடும். குவி கண்ணாடியும் அகலமாகக் காட்டும்தான், ஆனால் உருவத்தைச் சிறிதாக்கிவிடும். பக்கத்தில் வரும் வண்டி தூரத்தில் வருவதுபோல் இருக்கும். அதனால்தான் அமெரிக்கக் கார்களில் பயணி பக்கக் கண்ணாடியிலேயே எச்சரிக்கை எழுதியிருப்பார்கள். தட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பொய் கிடையாது.

மாப்பிள்ளையின் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். "வண்டியோட ஒரிஜினாலிட்டி போயிடும், அத்தை. பார்க்கவும் அசிங்கமா இருக்கும்."

அந்த ஒரிஜினாலிட்டியைத்தான் நான் கேட்கிறேன். பழைய பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தபோது அது போகவில்லையா? பழைய விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டபோது போகவில்லையா? வண்டி நன்றாக ஓடுவதற்கு மாற்றலாம், பக்கத்தில் ஒரு உயிர் வருவது தெரிவதற்கு மட்டும் மாற்றக் கூடாதா? எம்.ஜி.பி. ஒன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற பொக்கிஷமும் அல்ல. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்து விற்ற வண்டி.

இந்த ஊரில் 40 வருஷம் தாண்டிய கார், பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் இருந்தால் ஆண்டுச் சோதனைகூடக் கட்டாயமில்லை. கண்ணாடி மாட்டுவது அந்தப் பெரிய மாற்றத்தில் சேராது. சோதிக்க ஆளில்லை என்றால், பொறுப்பு முழுக்கச் சொந்தக்காரர் தலையில் என்றுதானே அர்த்தம்?

பாரம்பரியம் பேசுகிறவர்களுக்கு இரண்டு பழைய கதை. 1909-இல் டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண், பெண்கள் கார் ஓட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பின்னால் பாருங்கள் என்று அதில் யோசனை சொன்னார். 1911-இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில், மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ரே ஹரூன் மட்டும் தனியாகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். ஆட்சேபித்தார்கள். அவர்தான் ஜெயித்தார். செங்கல் தடத்தின் அதிர்ச்சியில் அந்தக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்பது வேறு கதை. ஆக, கண்ணாடி மாட்டுவதும் பழைய காரின் பாரம்பரியம்தான்.

நீளக் கண்ணாடியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரே கார் இரண்டாகத் தெரியும், பழகச் சில நாள் ஆகும். இராத்திரியில் பின்னால் வருகிறவரின் விளக்கு கூசும். வெயில் மறைப்பை இறக்க இடைஞ்சலாக இருக்கலாம். தாழ மாட்டினால் முன்பார்வையையே மறைக்கும், தலையும் இடிக்கும். ஆகவே சட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி, அதிராமல், இறுக்கமாக மாட்ட வேண்டும். சீட் பெல்ட் போட வேண்டும். எத்தனை கண்ணாடி இருந்தாலும், தடம் மாறும் முன் ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். இவையெல்லாம் கவனமாக மாட்டச் சொல்லும் காரணங்கள், மாட்டாமல் இருக்கச் சொல்பவை அல்ல.

ஓட்டை போட வேண்டியதில்லை, கிளாம்ப் போதும். பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். கார் கண்காட்சி நாளில் திரும்ப மாட்டினால் ஆயிற்று. ஒரிஜினாலிட்டி அலமாரியில் பத்திரமாக இருக்கும். அந்த மோட்டார் சைக்கிள் பையனை எந்த அலமாரியில் வைப்பது?

மாமியார் மாப்பிள்ளைக்கு அறிவுரை சொல்லலாமா என்று நாத்தனார் போனில் கேட்டார். சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனால் அடுத்த கோடையில் நான் உட்கார்ந்த அதே இருக்கையில் என் பேத்தியை உட்கார வைத்து ஊர் சுற்றப் போவதாகச் சொல்கிறார். அவளுக்கு ஒன்பது வயது. ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டாள், அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள். "பைக்!" என்று யார் கத்துவார்கள்?

பழைய கார் வைத்திருக்கும் என் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் சிலர் இருக்கிறீர்கள். இன்று ஒரு வேலை செய்யுங்கள். நின்ற வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது வண்டியின் பின்பக்கத்திலிருந்து உங்கள் தோள்வரை, பக்கவாட்டில் மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கண்ணாடியிலிருந்து காணாமல் போகிறார் என்று குறித்துக்கொண்டு, கீழே எழுதுங்கள். விடைத்தாள் திருத்த எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மாப்பிள்ளையும் இதைப் படிப்பார். கோபப்பட்டால் பரவாயில்லை. கண்ணாடி மாட்டிவிட்டுக் கோபப்படட்டும்.