காணும் பொங்கலும் கட்டண வரிசையும்

“இவ்வளவு கூட்டம் இருக்கும்னு யார் எதிர்பார்த்தா?” என்று நான் அலுத்துக்கொண்டபோது என் தங்கை சிரித்தாள். “இங்க நிக்கிற எல்லாரும் அதையேதாண்ணா கேட்டுக்கிட்டிருக்காங்க.”

2025ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று சென்னையை அடுத்த ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாயிலில் நின்றிருந்தோம். மனைவி, மகள், தங்கை, அவள் மகன், எழுபதைக் கடந்த அம்மா, நான் என ஆறு பேர். அவ்வாண்டு ஜனவரி 17ஆம் தேதியையும் அரசு விடுமுறையாக அறிவித்ததில், 14 முதல் 19 வரை ஆறு நாட்கள் தொடர்ந்து கிடைத்தன. செய்தியைப் படித்த அன்றே பயணத்தைத் திட்டமிட்டுவிட்டேன். அதே செய்தியை ஊரில் உள்ள மற்றவர்களும் படித்திருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

‘எதிர்பாராத கூட்டம்’ என்ற தொடரை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. விடுமுறைக் கூட்டம் நாட்காட்டியில் முன்பே அச்சாகிவிடுகிறது. 2005இல் திறக்கப்பட்ட ஹாங்காங் டிஸ்னிலாந்து, மறு ஆண்டு பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, முறையாகச் சீட்டு வாங்கியவர்களையே வாயிலில் தடுத்து நிறுத்த நேர்ந்தது. தேதி குறிக்காத சீட்டுகளை விற்றிருந்தார்கள். விடுமுறை வந்ததும் எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். குழந்தைகளைக் கம்பிக் கதவுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்த பெற்றோரின் படங்கள் அப்போது உலகெங்கும் வெளியாயின. புத்தாண்டு எந்நாளில் வரும் என்பது யாருக்கும் தெரியாத ஒன்றல்லவே.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் ராட்டினத்துக்கான வரிசையில் ஒரு மணி நேரம் கடந்தும் பாதித் தொலைவுகூட நகரவில்லை. பக்கத்திலேயே இன்னொரு பாதை. கூடுதல் கட்டணம் செலுத்தியவர்கள் அதன் வழியே பத்து நிமிடத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது, பிள்ளைகள் வாடினார்கள். நான் போய் அவர்கள் இருவருக்கும் அந்தச் சீட்டை வாங்கி வந்தேன்.

தங்கை மகன் நகரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் முன்னால் நின்ற சிறுவனோடு அவனுக்கு நட்பாகியிருந்தது. “மாமா, நாம முன்னாடி போனா இவனுக்கு இன்னும் லேட்டாகும்தானே?” என்றான். கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்பவனுக்கு அதற்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. “வாடா” என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றேன். அந்தச் சிறுவனின் தந்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரிசையின் அறம் மிக எளியது: முன்னால் வந்தவர் முன்னால் செல்வார். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் வழிவிடுவது அந்த அறத்துக்கு எதிரானதன்று. தேவை அறிந்து தருவது அது. பணம் அறிந்து தருவது வேறு. டிஸ்னி பூங்காக்கள் 1999இல் முன்பதிவு வரிசையைத் தொடங்கியபோது அது அனைவருக்கும் இலவசமாக இருந்தது. 2021இல் புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் அதன் இடத்தில் கட்டணச் சேவை வந்தது. கோயில்களின் சிறப்பு தரிசனச் சீட்டுக்கு நெடுநாட்களாகப் பழகிய நமக்கு இது புதிதாகவும் தோன்றுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அளவின்றிச் சீட்டு விற்றுக் கூட்டத்தை உண்டாக்குபவர்களே, அக்கூட்டத்திலிருந்து தப்பும் வழியையும் தனியாக விற்கிறார்கள். அப்படியானால் கூட்டத்தைக் குறைப்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை இருக்கமுடியும்?

மணிமேகலையின் முதற்காதை நினைவுக்கு வருகிறது. புகாரில் இந்திர விழா தொடங்குமுன் யானைமீது முரசு ஏற்றி ஊருக்கு அறிவிக்கிறார்கள். இருபத்தெட்டு நாள் விழா. பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான் முரசறைவோன். பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறான். கூட்டம் வரும் என்று அந்நகருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவையும் மனத்தையும் அதற்கு முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறது.

நம் பூங்காக்களும் இதைச் செய்யலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறுத்துச் சீட்டு விற்கலாம். எண்ணிக்கை நிறைந்ததும் புறப்படும் முன்பே மக்களுக்குத் தெரிவிக்கலாம். வரிசை நெடுக நிழலும் குடிநீரும் தரலாம். நாமும் செய்யவேண்டியவை உண்டு. வேறு நாள் வாய்க்குமானால் அந்நாளில் செல்லலாம். வாய்க்காதபோது, கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறிவிடவேண்டும் என்ற வெறியை விட்டுவிட்டு, இரண்டோ மூன்றோ போதும் என்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

மாலையில் அம்மாவைத் தேடிப் போனோம். காலையில் அமரவைத்த மரத்தடியிலேயே இருந்தார். பக்கத்தில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிழவி ஒருவர். அவருடைய மூன்று மகன்களின் வேலை, மருமகள்களின் குணம், பேத்தியின் படிப்பு எல்லாம் அதற்குள் அம்மாவுக்கு மனப்பாடமாகியிருந்தது. மனிதர்கள் மனிதர்களைக் காண்பதற்கென்றே நம்மவர்கள் ஒதுக்கிவைத்த நாள் அது. எங்கள் அறுவரில் அம்மா ஒருவர்தான் அதைக் கொண்டாடியிருந்தார்.

திரும்பும் வழியில் தங்கை மகன் என்னோடு அதிகம் பேசவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. “ஆமாம், அவனுக்குத் தாமதமாகத்தான் ஆகியிருக்கும்” என்பதே அதற்குரிய பதில்.