ரெண்டு நாக்கு புரோக்கர்

தியாகதுருகத்தில் பாதி நிலம் டீக்கடை பெஞ்சிலேயே கைமாறுகிறது. என் பெரியப்பாவின் முக்கால் ஏக்கரும் அப்படித்தான் போனது. பஞ்சமி நிலம். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேணும். ‘‘இது கண்டிசன் நெலம்ப்பா, எவனும் வாங்கமாட்டான். நான் ஒரு ஆளப் புடிச்சித் தரேன்’’ என்றான் புரோக்கர். சொன்ன விலைக்குக் கைநாட்டு வைத்தார், கமிஷனும் கொடுத்தார். வாங்கியவன் புரோக்கருக்கே மச்சான் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருசமே அதே நிலம் ‘வில்லங்கமே இல்லை’ என்று மனையாகப் போனது. சேரியில் ஒரு நாக்கு, ஊரில் ஒரு நாக்கு.

இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். திருட்டு என்கிறேன் நான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நமக்காக விற்கப் போன முகவர், முக்கியமான விசயத்தை மறைத்துத் தானே வாங்கிக்கொண்டால், அந்த விற்பனையை நாம் மறுக்கலாம். 216ஆம் பிரிவின்படி, நமக்குத் தெரியாமல் அவன் அடித்த லாபத்தையும் கேட்கலாம். நூற்றைம்பது வருசமாக இருக்கும் இந்தச் சட்டத்தைச் சேரிக்கு வந்து எவன் சொன்னான்?

2016இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முகவர் பதிவு செய்யணும், பொய் சொல்லக்கூடாது, ஆவணங்களைக் காட்டணும் என்றது. யாருக்கு? பதிவான மனைப்பிரிவில், அடுக்குமாடியில் வாங்குகிறவனுக்கு. முக்கால் ஏக்கர் விற்கும் கூலிக்காரனுக்கு அதில் இடமில்லை.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்கணும் என்ற நிபந்தனையோடுதான் பஞ்சமி நிலம் தரப்பட்டது. நம்மைக் காக்க எழுதிய நிபந்தனை. அதையே காட்டி நம்மிடம் விலையைக் குறைக்கிறான். அதையே மறைத்து வெளியே விலையை ஏற்றுகிறான். இந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ரத்தம் சிந்திக் கேட்ட நிலத்தை டீக்கடை பெஞ்சில் விடலாமா?

நிலம் விற்கும் ஒவ்வொரு அக்ரிமெண்டிலும் புரோக்கர் கையெழுத்து இருக்கணும். யாரிடம் எவ்வளவு கமிஷன், வாங்குகிறவன் தனக்கு என்ன உறவு, நிலம் என்ன வகை - மூன்றையும் எழுதித் தரணும். அரசு இதைச் சட்டமாக்கட்டும்.

அதுவரை, படித்த தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் எவரும் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் வி.ஏ.ஓ. ஆபீசில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். புரோக்கரை நிறுத்திக் கேளுங்கள்: ‘‘நீ யாரு ஆளு?’’