எக்கியார்குப்பத்தில் இறந்தவர்கள் நமக்கு யார்?



2023 மே மாதம் 13ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பில் சாராயம் அருந்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். மரக்காணம் பகுதியிலும் அண்டை மாவட்டமான செங்கல்பட்டிலுமாக அந்நாட்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலமைச்சர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தார். காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அப்போது நம்மவர் பலரின் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுண்டு: “ஹராமைக் குடித்தான், செத்தான், இதில் நமக்கென்ன?” இன்றும் அதைச் சொல்வோர் உளர். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் மார்க்கத்தைக் கொண்டே அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், அவர்கள் குடித்தது எது? அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அதனைத் தெளிவாகவே சொன்னார்: அது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். வார்னிஷ், தின்னர், பசை, மருந்துத் தயாரிப்பு எனப் பல தொழில்களுக்கு வேண்டிய திரவம் அது. பார்வைக்கும் மணத்துக்கும் சாராயத்தை ஒத்திருப்பதால் குடிப்பவனுக்கு வேறுபாடு தெரியாது. உள்ளே சென்றபின் கல்லீரல் அதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. இதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் குடித்தவன் வீட்டுக்குப் போய் உறங்கி, மறுநாள் கண் மங்கலாகிறது என்று எழுகிறான். 10 மில்லி பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே பறிக்கக் கூடும். இதனை மது என்று அழைப்பதே பிழை. இது நஞ்சு, விற்றவன் நஞ்சூட்டியவன். நஞ்சுண்டு மடிந்தவனிடம் “ஏன் குடித்தாய்?” என்று கேட்டுவிட்டு, ஊட்டியவனைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவது எந்த நீதி?

மது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மது தொடர்பாகப் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸை நம் பயான்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பிழிபவன், பிழியச் சொன்னவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், விற்பவன், வாங்குபவன், அதன் விலையை உண்பவன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. குடிப்பவன் அந்தப் பத்தில் ஒருவன் மட்டுமே. மற்ற ஒன்பது பேரையும் மறந்துவிட்டு, செத்துக் கிடக்கும் அந்த ஒருவனை மட்டும் பிடித்துக்கொள்ளும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? குடித்ததற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, அண்ணலார் அதனைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறிய செய்தி புகாரியில் உள்ளது. செயலைச் சபிப்பது வேறு, மனிதனைக் கைவிடுவது வேறு என்பதை ஆலிம்கள் இதிலிருந்தே விளக்குவர்.

இனி, “பொருளைக் கட்டுப்படுத்தி என்ன பயன்? மனிதன் திருந்த வேண்டும்” என்னும் வாதம். துப்பாக்கியா கொன்றது, மனிதன்தானே கொன்றான் என்று அமெரிக்காவில் துப்பாக்கிக்காக வாதாடுவோர் சொல்லும் அதே வாதம்தான் இது. 2019 மார்ச் 15 ஜும்ஆ வேளையில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்கள் இரண்டில் 51 பேர் கொல்லப்பட்டபோது நாம் என்ன சொன்னோம்? கொலைகாரன் துப்பாக்கிகளை உரிமத்தோடுதான் வாங்கியிருந்தான். அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு மாதம் முடிவதற்குள், 119 பேர் ஆதரிக்க ஒருவர் மட்டும் எதிர்க்க, தானியங்கி வகையை ஒத்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. 50,000க்கும் மேற்பட்டவை மக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. அன்று நாம் அதனைப் பாராட்டினோம். மனிதன் திருந்தட்டும், துப்பாக்கி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நம்மில் ஒருவரும் எழுதவில்லை. நம் பள்ளிவாசலில் இரத்தம் சிந்தினால் ஒரு நியாயம், மீனவர் குப்பத்தில் பிணம் விழுந்தால் வேறொரு நியாயமா?

நம் மார்க்கமோ பொருளையும் பார்க்கிறது. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் அவற்றின் முனையைக் கையால் பற்றிக்கொள்ளுமாறு அண்ணலார் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதைத் தடுத்தார்கள். கொல்லும் எண்ணம் அங்கே யாரிடமும் இல்லை. கைதவறிக்கூட ஒருவருக்குக் கீறல் படக்கூடாது என்பதே நோக்கம்.

நம் நாட்டிலும் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், வாங்கும் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மெத்தனாலுக்கும் தமிழ்நாட்டில் உரிம விதி இல்லாமலில்லை. இருந்தும் ஆலையிலிருந்த நஞ்சு கைமாறிக் கைமாறிக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது. 13 மாதங்கள் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பிறகே மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் விளைவித்தால் ஆயுள் தண்டனை வரை என்றாயிற்று. தண்டனை கூடியது நல்லதே. ஆனால் தண்டனை, பிணம் விழுந்த பின் வருவது. பீப்பாய் ஆலையை விட்டு வெளியேறும் நேரத்தில் அதனை எண்ணுவது யார்?

“பூரண மதுவிலக்கு வந்தால் எல்லாம் தீரும்” என்பர் சிலர். மதுவிலக்கை நானும் வேண்டுகிறேன். டாஸ்மாக் வருவாயில் அரசு நடப்பதை எந்த முஸ்லிமும் ஏற்க இயலாது. ஆயினும் மதுவிலக்குள்ள குஜராத்தின் போடாட் பகுதியில் 2022 ஜூலையில் 40க்கும் மேற்பட்டோர் செத்தது, ஆலையிலிருந்து களவாடப்பட்ட மெத்தனாலால். மதுவிலக்குள்ள பீகாரின் சாரண் மாவட்டத்தில் அதே ஆண்டு டிசம்பரில் விஷச் சாராயம் பல பத்து உயிர்களைக் குடித்தது. மதுவிலக்கு வேண்டும் என்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. மெத்தனாலைக் கணக்கில் வைப்பதற்கு அது மாற்றாகாது.

மரக்காணத்து வாழ்க்கையை அறியாமல் பேசுவோர்க்கு ஒரு சொல். டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கும். இரவெல்லாம் கடலில் கிடந்தவன் விடியலில் கரையேறுகிறான். உப்பளத் தொழிலாளி வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, உப்பின் வெள்ளொளி கண்ணைக் குத்த, வெடித்த பாதங்களோடு வரப்பேறுகிறான். உடல்வலி கேட்கும் நேரத்தில், கையிலிருக்கும் சில்லறைக்கு, வாசலுக்கே வந்து கிடைப்பது கள்ளச்சாராயம். அவன் செய்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. வியாபாரி யாரை, எந்த நேரத்தில், எப்படிப் பிடிக்கிறான் என்பது இதனால் விளங்கும்.

அந்த 10 லட்சம் ரூபாயைப் பற்றியும் முணுமுணுப்பு ஓயவில்லை. குடித்தவன் அதனை வாங்கவில்லை. அவன் மண்ணுக்குள் இருக்கிறான். வாங்கியது அவனுடைய மனைவியும் பிள்ளைகளும். அநாதைகளின் உரிமையைப் பற்றி நம்மைப் போல் எச்சரிக்கப்பட்ட சமுதாயம் வேறில்லை.

கடைசியாக, நம் வணிகர்களிடம். வண்ணப்பூச்சு, ஹார்டுவேர், தின்னர், இரசாயன வணிகங்களில் நம் சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சபிக்கப்பட்ட பத்துப் பேரில் சுமப்பவனும் விற்பவனும் உண்டு என்பதை அவர்களிடம் ஜமாஅத்துகள் நேரில் சொல்ல வேண்டும். கேன் கேனாக வாங்கும் முன்பின் தெரியாதவனிடம் தொழில் என்ன, உரிமம் எங்கே என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையெனில் விற்காதீர்கள். காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். கிடங்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அன்றன்றே எழுதுங்கள்.

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நம் ஜமாஅத் நிர்வாகிகள் மஸ்ஜித், மையவாடி விவகாரங்களுக்காக அங்கே போய்ப் பழகியவர்கள்தாம். அடுத்த முறை போகும்போது மாவட்டத்தில் மெத்தனால் உரிமம் வைத்திருப்போர் எத்தனை பேர், அவர்களின் இருப்புக் கணக்கைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, அதில் நிறமும் கசப்பும் சேர்த்தே விற்க வேண்டும் என்று ஆணையிட என்ன தடை என்று எழுதிக் கேட்கட்டும். எக்கியார்குப்பத்து மீனவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு போகட்டும்.