பழைய யந்திரத்துக்கு ஒரு துபாஷி

எங்கள் எதிர் வீட்டு மாமியை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் நிச்சயம் இருப்பார். முறுக்கு, தட்டை, அப்பளம் என்று வீட்டிலேயே செய்து ஏழெட்டுக் கடைகளுக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் பெண்ணைப் படிக்க வைக்கிறவர். பில் அடிக்க அவரிடம் இருப்பது, ஊசிகள் நாடாவின் மேல் 'கர்கர்' என்று குத்தும் பழைய டாட் மாட்ரிக்ஸ் பிரிண்டர். நடுவே கார்பன் வைத்தால் ஒரே அடியில் மூன்று பிரதி! மை தெளிக்கும் புது பிரிண்டர்கள் காகிதத்தைத் தட்டுவதே இல்லை. அவற்றுக்கு இந்த வித்தை வராது.

போன மாதம் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புது லாப்டாப் வந்தது. பிரிண்டரின் தடித்த கேபிளைச் செருக அதில் இடம் ஏது? சின்னச் சின்ன யு.எஸ்.பி. துவாரங்கள்தாம். "பிரிண்டரையும் மாற்றி விடுங்கள்" என்றார் கடைக்காரர்.

"நன்னா அடிக்கிறதை எதுக்குடீம்மா தூக்கிப் போடணும்?" என்று மாமி என்னைக் கேட்டார். நியாயம்தானே? தீபாவளி ஆர்டர் வேறு தலைக்கு மேல்.

அந்தத் தடித்த கேபிள், 1970-ல் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பிரிண்டருடன் கொண்டு வந்த ஏற்பாடு. எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டுகள் பக்கம் பக்கமாக ஓடும். 1996-ல் வந்த யு.எஸ்.பி.யிலோ ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அதுதான் கன்வர்ட்டர் கேபிள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நானே ஒன்று வாங்கி வந்தேன். பொருந்தவில்லை! 25 முனை உள்ளதை வாங்கி விட்டேன். பிரிண்டரின் முதுகில் இருந்ததோ, இரு பக்கமும் கம்பிக் கொக்கி வைத்த 36 முனை வாய். நீங்கள் போனால் பிரிண்டரின் முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

மாற்றி வந்து செருகினோம். லாப்டாப் 'டிங்' என்றது. பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. பழைய யந்திரம் பல தன் பெயரைத் தானே சொல்லத் தெரியாதவை. நாமேதான் விண்டோஸில் 'ஆட் பிரிண்டர்' என்ற இடத்துக்குப் போய், போர்ட் என்று கேட்கும்போது பழைய எல்.பி.டி.1 ஐ விட்டு யு.எஸ்.பி.001 ஐத் தேர்ந்து, மாடலையும் பட்டியலில் பொறுக்க வேண்டும். மாடல் அகப்படாமல் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்று போட்டீர்களோ, ஆங்கிலம் மளமளவென்று அடிக்கும், தமிழ் வராது. மாமியின் பில்லில் 'தட்டை' வர வேண்டுமே! சரியான டிரைவர் போட்ட பிறகு தமிழை அது படமாக வரைகிறது. கொஞ்சம் மெதுவாகத்தான்.

ஒரு எச்சரிக்கை: சில பழைய லேசர் பிரிண்டர்களுக்குப் புது விண்டோஸுக்கான டிரைவரே கிடையாது. அங்கே துபாஷியாலும் பயனில்லை. முதலில் அதை விசாரித்துக்கொண்டு பிறகு கேபிளுக்குப் பணத்தை அவிழுங்கள்.

இப்போது இரவு பதினொரு மணிக்கு எதிர் வீட்டிலிருந்து 'கர்கர்' என்று கேட்கிறது. என் தூக்கம் போயிற்று. யாரிடம் போய்ச் சொல்ல? கேபிள் வாங்கிக் கொடுத்தவளே நான்தானே!