சட்டி ஒன்று! சாப்பிடுவோர் பலர்!

ஜப்பான் நாட்டில் ஒரு வகை ஓட்டல் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தால் சமைத்த சாப்பாடு வராது. பச்சைக் காய்கறி வரும். காளான் வரும். பச்சை இறைச்சி வரும்!

மேசை நடுவே ஓர் அடுப்பு. அதன்மேல் ஒரு சட்டி. சட்டியில் சாறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். சாப்பிட வந்தவர்களே வேகவைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

"வேலையும் நாமே செய்து, காசும் நாமே கொடுப்பதா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், ஜப்பானியர்கள் அப்படிக் கேட்பதில்லை. குளிர்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாக இந்த ஓட்டல்களுக்குப் போகிறார்கள். அவர்கள் செய்வது சரியே!

பல வகை

இந்தச் சட்டிக்கு "நாபே" என்று பெயர். அதில் வேகும் உணவுக்கும் அதுவே பெயர்.

"ஷாபு ஷாபு" என்பது ஒரு வகை. கடற்பாசி போட்டு வெந்நீரைக் கொதிக்க வைப்பார்கள். காகிதம் போலச் சீவிய மாட்டிறைச்சியைக் குச்சியால் பிடித்து, அந்த நீரில் அலசுவார்கள். சில விநாடிகளில் வெந்துவிடும். எள் அரைத்த குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். அலசும் ஓசைதான் அதன் பெயர்! ஒசாகா நகர ஓட்டல் ஒன்று 1952-ல் இந்தப் பெயரைச் சூட்டியது.

"சுக்கியாக்கி" என்பது இன்னொன்று. இறைச்சியைச் சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்து, பச்சை முட்டையில் தோய்த்து உண்பார்கள்.

இறைச்சி இல்லாததும் உண்டு. சோயாவில் செய்த மெத்தென்ற வெள்ளைக் கட்டியைச் சூடாக்கி உண்பதற்கு "யுடோபு" என்று பெயர். இதற்குக் கியோட்டோ நகரம் பேர்போனது.

கடைசியில் மிஞ்சும் சாற்றைக் கீழே கொட்டமாட்டார்கள். சோற்றைப் போட்டுக் கஞ்சியாக்கிக் குடிப்பார்கள். எல்லாவற்றின் சுவையும் அதில் இறங்கியிருக்கும் அல்லவா?

தடை போனது

ஜப்பானில் இறைச்சிக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது. கி.பி. 675-ல் அரசர் தெம்மு, மாடு, குதிரை, கோழி முதலியவற்றை உண்ணக்கூடாது என்று ஆணையிட்டார். பிறகு 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி நாடெங்கும் பரவியது. மாட்டிறைச்சிச் சட்டிக் கடைகள் பெருகின.

அந்தக் காலத்தில் பல வீடுகளில் ஆளுக்கொரு சிறு பலகை. அதில் அவரவர் கிண்ணம். அப்படி உண்டு பழகியவர்களை ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரவைத்தது இந்தச் சட்டி!

கடைசி ஆள் யார்?

நாபேயின் பெருமை அதன் ருசியில் மட்டும் இல்லை. வேறொன்றில் இருக்கிறது.

உலகில் எத்தனையோ வீடுகளில், சமைத்தவர் கடைசியில்தான் சாப்பிடுகிறார். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, ஆறிப்போனதும் மிஞ்சியதும் அவருக்கு. நாபேயில் அது நடக்காது. தாயும் உட்காருகிறாள். பிள்ளையும் உட்காருகிறான். வேகும்போதே எல்லோரும் சுடச்சுட உண்கிறார்கள்.

ஆனால், சட்டி மட்டும் இருந்தால் போதாது. சுமோ மல்லர்களின் கூடங்களிலும் நாபே உண்டு. "சாங்கோ" என்று பெயர். அங்கே பெரிய மல்லர்கள் முதலில் உண்பார்கள். சமைத்த இளைஞர்களுக்குக் கடைசிப் பந்தி! அதே சட்டிதான், ஆனால் முறை வேறு. ஆகவே, ஒன்றாக உட்காரும் மனம்தான் முக்கியம்.

சட்டி நீதிபதி

சட்டியைச் சுற்றி வேடிக்கைக்கும் குறைவில்லை. "கீரையை இப்போது போடாதே! அது இன்னும் வேகவில்லை!" என்று ஒருவர் அதிகாரம் செய்வார். அவருக்குச் "சட்டி நீதிபதி" என்று ஜப்பானியர்கள் பட்டம் சூட்டியிருக்கிறார்கள்!

இன்று அந்த நீதிபதிக்கே ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் 100 வீடுகளில் 38 வீடுகள் ஒற்றை ஆள் வீடுகள். அவர்களுக்காகவே ஆளுக்கொரு சிறு சட்டி வைக்கும் ஓட்டல்களும் வந்துவிட்டன.

அதைக் கேலி செய்வது தவறு. தனியாக இருப்பவருக்கும் பசி உண்டு, குளிர் உண்டு. சூடான உணவு கிடைப்பது நல்லதே.

ஆனால், சிறு சட்டி வயிற்றைத்தான் நிரப்பும். "இந்தத் துண்டு உனக்கு" என்று எடுத்து வைக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை செய்பவரோ, யாராவது ஒருவரை அழைத்துப் போகலாம். காய்கறியும் இறைச்சியும் ஓட்டல்காரர் தருவார். உடன் உண்ணும் ஆளை நாமேதான் தேட வேண்டும்!