திறக்காத சிப்பிக்கு விலைப்பட்டியல்

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் பட்டியல்கள் வந்துவிடுகின்றன. இந்த ஆண்டு அதிகம் எதிர்பார்க்கப்படும் நூல்கள், தவறவிடக் கூடாத நூல்கள், பேசப்படப் போகிற நூல்கள். அண்மையில் அப்படியொரு பட்டியலை வெளியிட்ட இதழ், கடற்கரையைக் களமாகக் கொண்ட ஒரு நாவலுக்கு எழுதிய குறிப்பில், புத்தகத்துக்காகக் காத்திருக்கும் பழக்கமே இல்லாத கரையிலிருந்து வரும் நூல் என்று மெச்சியிருக்கிறது. அந்த நாவல் இன்னும் அச்சிலேயே இருக்கிறது. அதன்மேல் இவ்விதழுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, நன்றாக வரட்டும். அந்த மெச்சுதலைத்தான் விழுங்க முடியவில்லை.

1578 அக்டோபர் 20 என்ற தேதியை இலக்கிய மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி முடிந்த நாள். பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் அதுவே மூத்தது. ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1600இல் மறைந்த அன்றீக் அடிகளார். மறுவருடம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் அறுநூறு பக்கம் தாண்டிய ‘அடியார் வரலாறு’. இதெல்லாம் பாடநூலில் உண்டு. பாடநூல் ஓடிக் கடந்துவிடுகிற சேதி வேறு: அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இக்கரையின் பரதவர்கள். பார்த்திராத ஒரு பொருளுக்கு, அச்சு என்றால் என்னவென்று ஊருக்கே தெரியாத காலத்தில், கடலில் மூழ்கிச் சேர்த்த காசை முன்னதாக எடுத்து வைத்தார்கள். இன்று பதிப்பாளர்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறார்களே, அதுதான். காத்திருக்கத் தெரியாத கரையாம்!

உடனே ஒரு மறுப்பு வரும். பணம் கொடுத்தார்கள் சரி, படித்தார்களா? வாசிக்கக் கேட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. அதனால் என்ன? எண்பதுகளில் பிரதி, வாசகன், ஆசிரியனின் மரணம் என்று இரவு பகலாகப் பேசித் தீர்த்தோம். வாசகனுக்குச் சிம்மாசனம் போட்ட அந்தக் கோட்பாட்டாளர்களில் ஒருவருக்காவது கேட்பவனுக்கு ஒரு முக்காலி போடத் தோன்றவில்லை. காதால் படிப்பவன் வாசகன் இல்லை என்றால் கம்பனுக்கும் சீறாப்புராணத்துக்கும் எத்தனை வாசகர்கள் தேறுவார்கள்? காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள்மீது திருப்புகழ் செய்தது, யாரும் மூலையில் உட்கார்ந்து மௌனமாகப் பக்கம் புரட்டுவதற்காக அல்ல. மௌன வாசிப்பை மட்டுமே வாசிப்பென்று எண்ணும் நகர்ப்புற வழக்கம்தான் கரையை எழுத்தறியாக் கரையாகப் பார்க்கிறது. வட்டார இலக்கியம் என்று இடுப்பில் சீட்டுக் கட்டிவிடும் வழக்கமும் அதே வீட்டுப் பிள்ளை.

இங்கே தனிநாயகம் அடிகளை நினைக்காமல் போக முடியாது. உலகத் தமிழ் மாநாடு என்றதும் அவர் பெயர் வருகிறது. தூத்துக்குடியில் அவர் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகம் வருவதில்லை. பழந்தமிழ்க் கவிதையில் இயற்கையை ஆராய்ந்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல், ஐந்திணையை உலகத்துக்குச் சொன்ன நூல், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கழகத்தின் வெளியீடாகத்தான் வந்தது. சென்னையிலிருந்தல்ல, உப்பளத்துக்குப் பக்கத்திலிருந்து. ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடியையும் அச்சையும் தேடியலைந்தவர் அவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் நகலச்சாகக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, 1967இல், ‘அடியார் வரலாறு’ தமிழ் இலக்கியக் கழக வெளியீடாகத் தூத்துக்குடியில் மறுபடி வந்தது. பதிப்பித்தவர் சேசு சபையின் ச. இராசமாணிக்கம் அடிகளார். முதல் அச்சுக்கும் மறு அச்சுக்கும் இடையே 381 ஆண்டுகள். அன்றீக் அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கதை இன்னும் மோசம். லிஸ்பனில் கையெழுத்துப் படியாகக் கிடந்து, 1982இல் ஹைடல்பெர்க்கில் அச்சேறி, 2013இல் ஹார்வர்டு வரிசையில் ஆங்கிலமானது. எதிர்பார்ப்பு என்றால் இப்படிப்பட்ட நூல்களுக்கல்லவா அந்தச் சொல் பொருந்தும்?

துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கும் சந்தாதாரர் ஒருவர், தாம் இப்போது படிப்பவற்றை எழுதி அனுப்பியிருக்கிறார். வ.உ.சி. 1935இல் வெளியிட்ட அறத்துப்பால் உரை. கி.ரா.வின் கரிசல் வழக்குச் சொல்லகராதி. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய ஆங்கில நூலின் ஜெராக்ஸ், ஸ்பைரல் போட்டது. ஹார்னெலின் படப்பக்கங்கள் நகலெடுத்ததில் கறுத்துப்போய், சங்கு எது, இடைவெளி எது என்று தெரியவில்லையாம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் உறவுக்காரரிடம் காட்ட, அவர் விரலால் வடிவத்தைத் தடவி இது இடம்புரி, இது பால்சங்கு என்று பிரித்துச் சொன்னாராம். பட்டியல் போடும் இதழ்களுக்கு இந்த மாதிரி வாசகர் கண்ணில் படுவதில்லை. இவர் எதிர்பார்க்கும் நூல்களும் விற்பனைக்கான அறிவிப்பில் இல்லாதவை: மன்னார் வளைகுடாக் கரை முழுவதையும் சேர்த்து, கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்று காற்றையும் நீவாடு என்னும் நீரோட்டத்தையும் மீனையும் வலையையும் ஊர் ஊராகச் சொல்லும் பேரகராதி ஒன்று, படங்கள் தெளிவாகத் தெரியும் ஹார்னெல், தமிழில்.

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் அறிவிப்புக்கு ஒரு முறை இருந்தது. கடலடிச் சிப்பிப் படுகையான பாரில் இறங்கிப் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் இன்ன மாதம் சலாபம் என்று அறிவிப்பு வரும். தேறாவிட்டால் இல்லை. 1928க்குப் பிறகு 1955 வரை சலாபமே கிடையாது, 1961தான் கடைசி. இருபத்தேழு ஆண்டு சும்மா இருந்தார்களே தவிர, திறக்காத சிப்பிக்கு விலை சொல்லவில்லை. நம் பட்டியல்காரர்கள் ஆண்டுதோறும் சலாபம் அறிவிக்கிறார்கள், பாரில் யாரும் இறங்காமலே. பதிப்பகத்தின் பின்னட்டை வாசகம் அப்படியே குறிப்பாகிறது. குறிப்பு விருதுக்குழுவின் மேசைக்குப் போகிறது. விருது மறுபடி பின்னட்டைக்கு வருகிறது.

சொல்லப்போனால் தமிழர்கள் நூல்களை எதிர்பார்ப்பதே இல்லை, ஆண்டுக் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ நூலோடு அறிவிப்பு வந்தது. எண் அன்றைக்கே ஊரெங்கும் பரவிவிட்டது. நூலைப் புரட்டியவர் எத்தனை பேர்? ஆதிச்சநல்லூரில் இந்தியத் தொல்லியல் துறை 2004இல் தோண்டியது. அறிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக்கணிப்புகளே 2019இல் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியே வந்தன. ஒரு புத்தகம் வெளிவர வேண்டும் என்று வழக்குப் போட்ட மாவட்டம் இது. இதைவிட அதிகம் எதிர்பார்க்கப்பட்ட தமிழ்நாட்டு நூல் எதுவென்று அந்தப் பட்டியல் இதழ் சொல்லட்டும்.

இவ்விதழும் அடுத்த முறை ஒரு பட்டியல் போடப் போகிறது. வாசகர்கள் இப்போது படிக்கும் நூலையும், வரவேண்டும் என்று காத்திருக்கும் நூலையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பவும். காத்திருக்கும் நூலுக்கு எவ்வளவு முன்பணம் கட்டத் தயார் என்பதையும் சேர்த்தே எழுதவும். தொகை குறிக்காத அட்டைகள் வெளியாகாது.